பனியன் யூனிட்டில் ஆளும் நிற்கணும், வேலையும் ஓடணும்: எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூரில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், நடத்துகிறவர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் பேச்சு "ஆள் கிடைக்கறதில்லைங்க, கிடைச்சாலும் நிக்கறதில்லை" என்பதில் வந்து நிற்கும். அது உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லும் காரணம், அதாவது இப்போது இருக்கிறவர்களுக்கு உழைக்க மனசில்லை என்பது, சரியில்லை என்று நினைக்கிறேன். நம் மாதிரி ஊர்களில் டைலரின் உற்சாகம் தனியாக அவர் மனசுக்குள் உட்கார்ந்திருக்கும் விஷயம் இல்லை. ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி உங்களுக்கு எப்போது பணம் போடுகிறார், வெட்டிய துணி (கட்டிங்) எப்போது வந்து சேருகிறது, கரண்ட் எப்போது போகிறது என்பதோடு அது பின்னிக்கிடக்கிறது. அதனால் ஊக்கப் பேச்சு, பரிசுப் போட்டி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, யூனிட்டின் அன்றாட ஓட்டத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

சனிக்கிழமையைக் காப்பாற்றுங்கள்

வாரச் சம்பளம் கொடுக்கும் ஊரில் முதல் வேலை இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். சனிக்கிழமை சாயங்காலம் "அண்ணா, பார்ட்டி இன்னும் பணம் போடலை, திங்கட்கிழமை பாக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னாலே, அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்களில் ரெண்டு பேர் வேறு யூனிட்டில் விசாரித்துவிட்டு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மளிகைக் கடைப் பாக்கியும் வீட்டு வாடகையும் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காது.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேராகப் பொருந்துகிறது. செந்தில் முல்லைநாதனும் இன்னும் சில பொருளாதார அறிஞர்களும் செய்தது. கூலியில் ஒரு பகுதியை ஒரு சிலருக்கு மட்டும் சில நாள் முன்னாலேயே கொடுத்தார்கள். ரேட்டும் மாறவில்லை, மொத்தக் கூலியும் மாறவில்லை, பணம் கைக்கு வந்த நாள் மட்டும்தான் மாறியது. வாங்கினவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், அதற்கு அடுத்த நாட்களில் அவர்கள் தைத்த தட்டுகள் கூடின, கவனக்குறைவால் வரும் தப்புகள் குறைந்தன. அதிலும் ரொம்பக் கஷ்டத்தில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். தலைக்குள் கடன்காரன் உட்கார்ந்திருந்தால் கை எப்படி ஓடும்?

சரி, நடைமுறையில் என்ன செய்வது? சம்பளத்துக்கென்று தனி பேங்க் கணக்கு ஒன்று தொடங்குங்கள். எந்த பில்லுக்குப் பணம் வந்தாலும் நூல் கடைக்கும் டியூவுக்கும் போகும் முன்னால் ஒரு பங்கு அதில் போய்விட வேண்டும், ரெண்டு வாரச் சம்பளம் சேரும் வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது. நிறையப் பேருக்கு இது ஆறு மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இன்னொரு பக்கம், வரவேண்டிய பணம். உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லாமல் ஜாப் ஒர்க், அதாவது பார்ட்டிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இன்றைக்கே போடுங்கள், செலவில்லை. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பார்ட்டி பணம் தந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் பேங்க் அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. பெரிய பார்ட்டியிடம் போய் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானது, எனக்கும் புரிகிறது. ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: கெடு தாண்டி நிலுவை வைத்தால், அந்தத் தொகையைக் கொடுக்கிற வருஷம் வரைக்கும் பார்ட்டி அதைச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் சண்டை போடத் தேவையில்லை. உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள், மார்ச் வரும் முன்னால் அவர்களுடைய அக்கவுண்டன்ட்டிடம் ஒரு வார்த்தை நினைவுபடுத்துங்கள். அரசின் எம்.எஸ்.எம்.இ. இணையதளத்தில் புகார் போடுவது கடைசி வழி.

மெஷின் ஏன் நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை, ஒரு பேனா. மெஷின் நின்ற நேரம், திரும்ப ஓடிய நேரம், காரணம். அவ்வளவுதான். பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வரலை, நூல் கலர் தப்பு, லேபிள் வரலை, ஊசி உடைஞ்சது, ஓவர்லாக் மெஷினில் தையல் விடுது, மெக்கானிக் வரலை, கரண்ட் இல்லை. ஒரு வாரம் எழுதினாலே போதும். 12 டைலர்கள் இருக்கும் யூனிட்டில் ஆளுக்கு 40 நிமிஷம் வீணானால் மொத்தம் எட்டு மணி நேரம், ஒரு ஆளின் முழு ஷிப்ட் தினமும் காணாமல் போகிறது என்று அர்த்தம். நீங்கள் புதுசாகத் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு டைலர் இங்கேதான் இருக்கிறார்.

பீஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் பீஸ் ரேட்டில் இதன் அடி நேராக டைலர் தலையில் விழுகிறது. கைமடி (டைலருக்கு உதவும் ஆள்) பண்டிலைக் கொண்டுவந்து போடாததற்கு டைலர் என்ன செய்வார்? அவருக்கு உட்கார்ந்திருந்த நேரத்துக்குக் காசு இல்லை. ராத்திரி ஒன்றரை ஷிப்ட் போட்டு அதை ஈடுகட்டுகிறார், மறுநாள் தூக்கக் கலக்கத்தில் டேமேஜ் விழுகிறது, செக்கிங்கில் சத்தம் வருகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் நம்மால் நின்றால் ஒரு சின்ன நேரக் கூலி தரலாம் என்று நான் சொன்னபோது ஒரு யூனிட்காரர் முகம் சுளித்தார். அந்தக் கூலி கொடுக்க வேண்டி வந்தால்தான் லேபிள் வந்ததா என்று நாமே காலையில் ஓடிப் பார்ப்போம், அதற்காகவே கொடுக்கச் சொல்கிறேன்.

இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியலாம். மும்பைப் பக்கத்து நெசவு ஆலைகளில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் இதே மாதிரி விஷயங்களைத்தான் செய்ய வைத்தார்கள்: மெஷின் நின்றால் பதிவு, தரக் குறைகளின் கணக்கு, ஸ்டாக் அறையில் நூலைப் பிரித்து அடுக்கி வைப்பது, தரையில் கழிவு கிடக்காமல் பார்ப்பது, தினமும் ஒரு சின்னக் கூட்டம். முதல் வருஷத்தில் உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது. முதலாளிகள் அதற்கு முன்னால் ஏன் செய்யவில்லை என்று பார்த்தால், தங்கள் ஆலை நன்றாகத்தான் ஓடுகிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

புது முறை கொண்டுவரும்போது டைலரின் பாக்கெட்டைப் பாருங்கள்

பாகிஸ்தானில் சியால்கோட் என்ற ஊர், உலகத்துக்கே கால்பந்து தைத்து அனுப்பும் ஊர். அங்கே ஆராய்ச்சியாளர்கள் சிலர் பந்துக்கான செயற்கைத் தோல் வீணாவதைக் குறைக்கும் ஒரு புது வெட்டு அச்சை யூனிட்டுகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியும் பெரும்பாலானவர்கள் அதைத் தொடவில்லை. ஏன்? வெட்டுகிறவர்களுக்கு பீஸ் ரேட். புது அச்சு ஆரம்பத்தில் வேகத்தைக் குறைக்கும், மிச்சமாகும் தோலின் லாபமோ முதலாளிக்கு. தங்கள் வருமானம் குறைகிறதே என்று அவர்கள் முதலாளியிடம் "இது சரிப்படாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம், பழகிக் காட்டினால் ஏறக்குறைய ஒரு மாத வருமானத்தை ஒரே ஒரு தடவை தருகிறோம் என்று சில யூனிட்டுகளில் சொன்னபோது, அங்கே புது அச்சைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் கூடினார்கள்.

நம்மிடமும் தினமும் நடப்பதுதான் இது. ஸ்டைல் மாறும் முதல் ரெண்டு மூன்று நாள் எந்த டைலருக்கும் பீஸ் எண்ணிக்கை விழும். அந்த நாட்களுக்கு மட்டும் போன வாரச் சராசரியைக் கூலியாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புது ஸ்டைல் வரும் அன்றைக்குச் சரியாக நாலு பேருக்குக் காய்ச்சல் வரும்.

ரேட்டைச் சுவரில் எழுதுங்கள்

ஒரே வேலைக்கு ஒருத்தருக்கு ஒரு ரேட், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னொன்று, ரெண்டும் ரகசியம் என்று நடத்துகிறவர்கள் உண்டு. ரகசியமெல்லாம் டீ பிரேக் வரைக்கும்தான் தாங்கும். இதிலும் ஒடிசாவில் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் ஆட்களுக்குக் காரணம் தெரியாமல் வித்தியாசமான கூலி கொடுத்தபோது, குறைவாக வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததோடு, கூலி போனாலும் பரவாயில்லை என்று வேலைக்கு வராமலும் இருந்தார்கள். ஆனால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற வேலையில் அதே வித்தியாசம் யாரையும் உறுத்தவில்லை.

அதனால் வித்தியாசம் வைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பேட்லாக் மெஷினில் தைக்கிறவருக்கு இவ்வளவு, சிங்கர் மெஷினில் தைக்கிறவருக்கு இவ்வளவு, டேமேஜ் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கூடுதலாக இவ்வளவு என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி மாட்டுங்கள். ஒரே மெஷினில் ஒரே பீஸைத் தைக்கும் அக்காவுக்குக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், எழுதுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்துவிடுங்கள். எழுத முடியாத ரேட் கொடுக்கக் கூடாத ரேட்.

ஷெட், வெயில், ஓய்வு

தகர ஷெட்டுக்குக் கீழே ஏப்ரல் மாத மதியத்தில் உட்கார்ந்து தைப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். பெங்களூர் கார்மென்ட் ஆலைகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்க டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள். அது சூட்டையும் குறைத்ததால், வெயில் நாட்களில் வழக்கமாக விழும் உற்பத்தி அவ்வளவாக விழவில்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, காற்றை வெளியே தள்ளும் ஃபேன், எல்.இ.டி. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பழைய ஓவர்லாக் விலைக்குள் முடித்துவிடப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்க ஒரு மூலையும் விடுங்கள். சென்னையில் டேட்டா என்ட்ரி வேலை செய்தவர்களிடம் பார்த்ததில், அரை மணி நேர மதியத் தூக்கம் வெறுமனே இடைவேளை எடுத்ததைவிட வேலையை மேம்படுத்தியது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தாழ்ப்பாளோடு, தண்ணீரோடு. இதற்கு ஆய்வு தேவையில்லை.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பேச்சு

"பிடித்தம் வேண்டாம் அண்ணா, கையில் கொடுங்க" என்று ஆட்களே கேட்பார்கள். கேட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள், 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 15,000 ரூபாய் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.-க்கு அவர் தருவது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு, நீங்கள் தருவது 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. அதில் குடும்பத்துக்கே வைத்தியம். லைனில் யாராவது ஒருவரின் பிரசவத்தையோ ஆபரேஷனையோ நீங்கள் கூடவே போய் முடித்துக் கொடுத்தால், அடுத்த மாதம் யாரும் பிடித்தம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

வெளி மாநில ஆட்கள், ஆர்டர் இல்லாத மாதம், தீபாவளி

பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள் இல்லாமல் இன்றைய திருப்பூர் இல்லை. அவர்களுக்கு ஹோலியும் சத் பூஜையும் நமக்குப் பொங்கல் மாதிரி. ஊருக்குப் போக விடமாட்டேன் என்றால் சொல்லாமல் போவார்கள், சொல்லாமல் போனவர் திரும்பி வருவது அபூர்வம். போகும் தேதியை ரெண்டு மாதம் முன்னாலேயே கேட்டு, பாதிப் பாதியாகப் பிரித்து, டிக்கெட்டுக்கு அட்வான்ஸும் கொடுங்கள். இந்தி பேசத் தெரிந்த ஒருவர் உங்கள் யூனிட்டில் அவசியம் இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் ஆட்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, உட்கார்ந்து பேச அப்படி ஓர் ஆள் இருப்பது எவ்வளவு அவசியம் என்று தெரிந்தது.

ஆர்டர் குறையும்போது மறைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எல்லாருக்கும் செல்போனில் செய்தி வந்துவிட்டது, முதலாளி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் ஆட்கள் மோசமானதைத்தான் கற்பனை செய்வார்கள். பாதிப் பேரை நிறுத்துவதைவிட எல்லாருக்கும் வாரத்தில் நாலு நாள் வேலை கொடுப்பது மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் ஆர்டர் திரும்பும்போது லைன் அப்படியே இருக்கும்.

தீபாவளி போனஸைப் பொறுத்தவரை சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எவ்வளவு தருவீர்கள் என்பதை ஆயுத பூஜை அன்றே சொல்லிவிடுங்கள், கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிக்க வேண்டாம். கொடுக்கும்போது லீவு முடிந்து மெஷின் ஓடும் தேதி, அந்த வாரத்துக்கு இருக்கும் ஸ்டைல், அதன் பீஸ் ரேட் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கவரோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தேதிக்கு வேலை இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் போன் செய்து சொல்லிவிடுங்கள். ரயிலில் ரெண்டு நாள் பயணம் செய்து வந்தவர் பூட்டின ஷெட்டைப் பார்த்தால், அடுத்த தெருவில் வேலை கேட்கப் போய்விடுவார்.