புரைக்கேறி வர்ற நிமோனியா: ஆண்டிபயாடிக் விஷயத்துல பண்ணக்கூடாத தப்புகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எந்த ஆஸ்பத்திரி வார்டுல பாத்தாலும் ஸ்ட்ரோக் வந்து படுத்த ஒரு பாட்டா இருப்பாரு, கஞ்சி குடிக்கும்போது புரைக்கேறி ரெண்டு நாள்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கும். கூட நிக்கிற மகன் முதல்ல கேக்குறது, "சார், நல்ல பவரான ஊசியா போடுங்க". அந்தப் பதட்டம் நியாயம்தான், ஆனா இந்த வியாதிக்கு பவரை மட்டும் வச்சு மருந்து முடிவு பண்ணக்கூடாது.

முதல் தப்பு, புரைக்கேறின உடனே ஆண்டிபயாடிக் ஆரம்பிக்கிறது. வாந்தி எடுத்து வயித்துல உள்ள ஆசிட் நுரையீரலுக்குள்ள போனா முதல்ல வர்றது கிருமி இல்ல, வேக்காடு, அதாவது ஆசிட் பட்டு உள்ள வெந்து வீங்குறது. 1946-லயே மெண்டல்சன்ங்கிற டாக்டர் இதை எழுதி வச்சிட்டாரு. ஆக்சிஜன் குடுத்து சளியை உறிஞ்சி எடுத்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். முன்கூட்டியே மருந்து போட்டா நிமோனியா வராதுன்னு நினைக்கறதும் சரியில்ல. அதுக்காக மூச்சு வாங்குற ஆளை வீட்லயே வச்சுப் பாக்காதீங்க, கூட்டிட்டுப் போயிருங்க, மருந்து வேணுமா வேண்டாமான்னு டாக்டர் பாத்து சொல்லட்டும்.

ரெண்டாவதுதான் ரொம்ப அதிகமா நடக்குறது. புரைக்கேறின கேஸ்னாலே கூட ஒரு மெட்ரோனிடசோல் ட்ரிப் ஓடும், ஆக்சிஜன் இல்லாம வளர்ற கிருமிகளைக் கொல்ற மருந்து அது. 1970-கள்ல செஞ்ச ஆய்வுகள்ல ஆக்சிஜன் இல்லாம வளர்ற வாய்க்கிருமிகள் நிறைய கிடைச்சது, ஆனா அதுல நிறையப் பேர் நோய் முத்தி, நுரையீரல்ல சீழ் கட்டின பிறகு வந்தவங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல சாதாரண நிமோனியா கிருமிகள்தான் கூடுதல். அதனால 2019-ல வந்த அமெரிக்க நிமோனியா வழிகாட்டுதல், சீழ் கட்டினதா சந்தேகம் இருந்தா மட்டும் அந்த ஆக்சிஜன் இல்லாம வளர்ற கிருமிகளுக்குத் தனியா மருந்து சேருங்கன்னு சொல்லுது. அதுவும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்ங்கிற ஆண்டிபயாடிக் ஓடிட்டு இருக்கும்போது மேல மெட்ரோனிடசோல் எதுக்கு, அந்த வேலையை அதுவே செய்யுமே. வீணா வாந்தியும் வாய்க்கசப்பும்தான் மிச்சம், ஏற்கனவே சாப்பிடாத பாட்டா இன்னும் சாப்பிடமாட்டாரு.

எடுத்ததுமே மெரோபெனம் மாதிரி ரொம்ப பவரான ஆண்டிபயாடிக் கேக்குறதும் தப்பு. வீட்ல இருந்து வந்தவருக்கு செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஒண்ணு பெரும்பாலும் போதும். சமீபத்துல ஆஸ்பத்திரில கிடந்து ஊசி மருந்து போட்டவர், வென்டிலேட்டர்ல இருக்கவர், முன்னாடி கல்ச்சர்ல (கிருமியை வளத்துப் பாக்குற டெஸ்ட்) மருந்துக்கு அடங்காத கிருமி வந்தவர், இவங்களுக்கு கணக்கு வேற. அதனால பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காம கொண்டு போங்க, பென்சிலின் அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லுங்க.

மெடிக்கல்ல சீட்டு இல்லாம லெவோஃப்ளாக்சசின்ங்கிற ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் குடுக்குறது எனக்கு ரொம்ப பயமான விஷயம். டிபி இருக்கவருக்கு அந்த மாத்திரையில இருமல் கொஞ்சம் அடங்கும், குணமாகுதுன்னு விட்ருவாங்க, உள்ள நோய் வளந்துட்டே இருக்கும். ரொம்ப நாளா இருமல், எடைக்குறைவுன்னா முதல்ல சளி டெஸ்ட், அரசு ஆஸ்பத்திரில இலவசம்தான்.

நாள் கணக்குலயும் குழப்பம் உண்டு. சீழ் இல்லாம நல்லா தேறுறவருக்கு 5-லருந்து 7 நாள் போதும். எக்ஸ்ரே தெளியுறதுக்கு வாரக்கணக்கு ஆகும், அதைப் பாத்து மருந்தை நீட்டச் சொல்லாதீங்க. காய்ச்சல் விட்டுச்சுன்னு ரெண்டாம் நாளே நிறுத்தவும் கூடாது.

இவ்வளவு மருந்து பாத்தும் அடுத்த மாசமே அதே பாட்டா திரும்ப வந்து படுப்பாரு, ஏன்னா வீட்ல மல்லாக்கப் படுக்க வச்சே கஞ்சிவெள்ளம் ஊத்துறாங்க. நிமிர்ந்து உக்கார வச்சு, தாடையை கொஞ்சம் கீழ தாழ்த்தி, அரை ஸ்பூனா குடுங்க, முழுங்கினாரான்னு பாத்துட்டு அடுத்தது. குரல் கொளகொளன்னு கேட்டா அங்கயே நிறுத்திருங்க. சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய விடாதீங்க, பல்லும் நாக்கும் ரெண்டு நேரம் சுத்தம் பண்ணுங்க, டியூப்ல குடுக்குறவங்களுக்கும் இது உண்டு, வாய்க்குள்ள உள்ள அழுக்கு எச்சில்தான் ராத்திரி தூக்கத்துல நுரையீரலுக்கு இறங்குது.