ஏற்றத்தாழ்வைப் பற்றிப் படிப்பது எப்படி: கம்பம், போடி வாசகர்களுக்கு

எதைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் செலவைச் சொல்கிறதா, வருமானத்தையா, சொத்தையா என்பதை. 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310 ரூபாய். பெரிய இடைவெளி இல்லை என்று தோன்றும். அதே ஆண்டில் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்ததாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணிக்கிறது. ஒரு குடும்பம் தின்பதும் உடுத்துவதும் ஓர் அளவோடு நின்றுவிடும். மிச்சம் நிலமாகவும் பங்காகவும் சேரும். செலவுக் கணக்கில் அது தெரியாது.

அடுத்து சராசரி. பத்து வீட்டுத் தெருவில் ஒன்பது வீட்டுக்கு மாதம் 12,000, ஒரு வீட்டுக்கு 3,00,000 என்றால் சராசரி 40,800. அவ்வளவு சம்பாதிக்கிற வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. வரிசையில் நடுவே நிற்கும் வீட்டைத் தேடுங்கள். பழைய ஆண்டு ரூபாயை விலைவாசி பார்க்காமல் இன்றைய ரூபாயோடு ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கும் பிசகு.

எண்ணோடு சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். பார்வை மாறுவது இங்கேதான். விடிகாலையில் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்து கேரளத்து ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்து, "உழைக்கிற சனம்தான், கையில காசு தங்காது" என்று சொல்லிவிடுகிறோம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்து, குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து, அதாவது ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பிலிருந்து, விலக்கு. தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் குத்தகைக்காரரும் இல்லை. அவர் கைபட்ட நிலம் அவருக்கு வரவில்லை. காசு தங்காததை அவருடைய குணமாகப் பேசியது எவ்வளவு அநியாயம் என்று அப்போது உறைக்கும்.

பிறகு ஒரு நோட்டில் உங்கள் வீட்டின் மூன்று தலைமுறைக் கணக்கை எழுதுங்கள்: யார் பெயரில் பட்டா இருந்தது, கடன் யாரிடம், என்ன வட்டி. வட்டியை ஆண்டுக்கு மாற்றி எழுதுவது முக்கியம். 50,000 ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. பட்டா காட்டி 7 சதவீதப் பயிர்க்கடன் வாங்கினவருக்கு அதே தொகைக்கு 3,500. பலர் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து படிக்கும்போது சட்டத்தையும் கணக்கெடுப்பையும் மட்டும் பேசுங்கள். நோட்டை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம். கடன் விவரம் கேட்டால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.