சவுகார்பேட்டைத் தெருவில் ஒருவரை நிறுத்திப் படம் எடுப்பது எப்படி?

முதலில் ஆளைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். சவுகார்பேட்டை இருக்கும் சென்னை ஜார்ஜ் டவுனில் முகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் அரை நிமிடம் இடிபடாமல் நிற்க வேண்டும், முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் பிளெக்ஸ் பேனர் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த இரண்டடி இடம்தான் அங்கே அரிது. அதைக் கண்டுபிடித்த பிறகு, அங்கேயே உட்கார்ந்து வியாபாரம் செய்பவரிடமோ அந்த வழியே வருபவரிடமோ பேசுங்கள். ஆளைப் பிடித்துக்கொண்டு இடம் தேடி அலைந்தால் பத்தாவது அடியிலேயே அவர் பொறுமை போய்விடும். அந்தச் சலிப்பு படத்திலும் விழும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்

என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. அதிலிருந்து பிரியும் தேவராஜ முதலி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மின்ட் தெரு எல்லாம் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலை வெயில் இந்தத் தெருக்களின் மேற்கு வரிசைச் சுவர்களில் அடிக்கும். அங்கிருந்து திரும்பி, எதிரே நிழலில் இருக்கும் கிழக்கு வரிசைக் கடைகளுக்குள் மென்மையாக விழும். ஆகவே காலையில் கிழக்கு வரிசை, மாலையில் மேற்கு வரிசை. கட்டடங்கள் உயரமாக இருப்பதால் சூரியன் கொஞ்சம் ஏறிய பிறகே தெருவுக்குள் வெயில் வரும். எட்டரை முதல் பத்தரை வரையும், மூன்று முதல் ஐந்து வரையும் நல்ல நேரம். உச்சி வெயிலில் கண் குழிகள் கறுத்துவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்பதால் அப்போது இன்னும் மோசம்.

எதிர்ச்சுவரின் நிறத்தையும் பாருங்கள். பச்சைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் முகத்தையும் பச்சையாக்கும். வெள்ளை, சந்தன நிறச் சுவர் என்றால் கவலையில்லை.

எந்த நேரத்திலும் கைகொடுப்பது கடை வாசற்படி. ஆள் கூரை நிழலுக்குள் ஒன்று அல்லது ஒன்றரை அடி தள்ளி, தெருவைப் பார்த்து உட்கார வேண்டும். முகம் தெளிவாகத் தெரியும், பின்னால் கடை இருண்டு விலகிவிடும். நாலடி உள்ளே போய்விட்டால் வெளிச்சம் சட்டென்று குறைந்து முகம் மங்கிப்போகும். தலைக்கு மேல் எல்.இ.டி. எரிந்தால் நெற்றியில் வேறு நிறம் படியும். சம்மதம் கிடைத்த பிறகு, “அண்ணே, இந்த லைட்டை மட்டும் ஒரு நிமிஷம் அணைக்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள்.

நடைபாதைக் கடைகளில் பெரிய தொல்லை தார்ப்பாய். நீலத் தார்ப்பாயின் அடியில் முகம் நீலமாகும், மஞ்சளின் அடியில் காமாலை வந்தது போலிருக்கும். கன்னத்தில் ஒரு பக்கம் பகல் வெளிச்சமும் மறு பக்கம் தார்ப்பாய் நிறமும் கலந்துவிட்டால், ரா கோப்பாக (கேமரா பதிவை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்திருந்தாலும் வெள்ளைச் சமநிலையை (படத்தின் ஒட்டுமொத்த நிறச் சாயலை) மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஆளைத் தார்ப்பாயின் ஓரத்துக்கு அரையடி நகர்த்துவதுதான் மருந்து.

கேமரா

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ., ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போதும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல் அடங்கும். அதாவது தலையிலிருந்து இடுப்பு வரை, கையில் இருக்கும் பொருளோடு. 85 மி.மீ. அழகான லென்ஸ்தான். ஆனால் அதே அளவு படத்துக்கு இரண்டரை மீட்டர் விலக வேண்டும், அந்த இடைவெளியில் நாலு பேரும் ஒரு மீன்பாடி வண்டியும் நுழைந்துவிடும்.

ஷட்டர் வேகம் 1/250 நொடி. கை வேலையில் ஓடிக்கொண்டிருந்தால் 1/500. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எஃப் 2.8 முதல் 4 வரை. எஃப் 1.8 வைத்திருக்கிறோமே என்று முழுக்கத் திறக்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் நாலு சென்டிமீட்டர்தான், அவர் மூச்சு விட்டாலே கண் விலகிப்போகும். அதோடு, பின்னணியை முழுக்கக் கரைத்துவிட்டால் சவுகார்பேட்டைக்கு வந்ததற்கு என்ன பொருள்? ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) தானியங்கியில் விட்டு, உச்சவரம்பு 6400 வையுங்கள். இரைச்சல் (புள்ளி புள்ளியான கரகரப்பு) உள்ள படத்தைப் பார்க்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேமரா தானாக வெளிச்சத்தை அளப்பதில் இரண்டு பொறிகள் உண்டு. பின்னால் வெயில் அடிக்கும் தெரு இருந்தால் முகம் கறுக்கும், அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +1 ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டுங்கள். பின்னால் இருட்டுக் கடை இருந்தால் கேமரா முகத்தை வெளுக்க வைக்கும், அப்போது 2/3 அல்லது 1 குறையுங்கள். சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டர் வசதிதான். ஆனால் மலிவான எல்.இ.டி. விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள்.

போனில் எடுப்பவர்கள் இரண்டு மடங்கு (2x) லென்ஸுக்கு மாறுங்கள். முதன்மை லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு பெருக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு மல்லிகைச் சரத்தையும் காது ஓரத்தையும் கடித்துவிடும், அணைத்துவிடுங்கள். பியூட்டி ஃபில்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹைகோர்ட் அல்லது மண்ணடி மெட்ரோவிலிருந்து ஏறி வருபவர்கள், ஏசி குளிரிலிருந்த கேமராவைப் பத்துப் பதினைந்து நிமிடம் பையிலேயே வைத்திருங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும்.

கேட்பது

முதல் போணி ஆகாத கடையில் கேமராவைத் தூக்கவே கூடாது. லோடு இறங்கும்போதும் கேட்காதீர்கள். ஏதாவது சின்னதாக வாங்கிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பது நல்லது. படத்துக்குக் காசு கொடுத்துப் பழக்காதீர்கள், அடுத்து வருபவருக்கு அது விலையாகிவிடும்.

“அக்கா, நீங்க பூ கட்டற அழகை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” இவ்வளவு போதும். கூப்பிடும் முறை முக்கியம். அண்ணே, அக்கா, ஐயா எங்கும் செல்லும். மண்ணடிப் பக்கம் ‘பாய்’. மார்வாடிக் கடைக்காரரை முகத்துக்கு நேரே ‘சேட்டு’ என்பதைவிட ‘ஜி’ என்பது மரியாதை.

“எதுக்கு? கார்ப்பரேஷனா? டிவியா?” என்று கேள்வி வரும். நடைபாதை வியாபாரிக்குக் கேமரா என்றால் கடையை எடுக்கச் சொல்ல வந்தவர் என்ற பயம் உண்டு. அதனால்தான் முதலில் கடையையும் பரப்பிய சரக்கையும் எடுத்துவிட்டு அப்புறம் ஆளிடம் போனால் காரியம் கெடுகிறது. உண்மையைச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். வேலைக்கு நிற்கும் பையன் என்றால் முதலாளியிடமும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போன பிறகு திட்டு அவனுக்கு. நகைப் பட்டறைகளில் சரக்கு படத்தில் விழக் கூடாது. குழந்தைகளைப் பெற்றோர் சொன்னால்தான் எடுக்க வேண்டும். உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் “சரிண்ணே” என்று நகருங்கள். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

எடுக்கும் ஒரு நிமிடம்

சம்மதித்ததும் அவர் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பது போல் விறைப்பாவார். அதைத் தடுக்காமல் மூன்று படம் எடுத்துக் காட்டுங்கள். பிறகு, “நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்று சொல்லிக் காத்திருங்கள். வேண்டிய படம் அந்த இரண்டாவது சுற்றில்தான் வரும். “சிரிங்க” என்றால் பல் தெரியும், அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் தலை பெருத்து உடல் சிறுக்கும், நீங்களும் குந்துங்கள். உங்கள் முதுகைச் சுவரிலோ நிறுத்தி வைத்த பைக்கிலோ சாய்த்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து “ஓரம், ஓரம்” என்று வரும் வண்டி உங்களுக்காக நிற்காது. ஸ்ட்ராப் கழுத்தில், பை மார்பின் மேல். டிரைபாடு வேண்டாம்.

பத்துப் படத்துக்குள் கூட்டம் கூடிவிடும். எட்டிப் பார்க்கும் பையன்களை விரட்டாமல் எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப் படம் எடுத்துவிட்டால் வழி விடுவார்கள்.

கூட்டம் ஆறாக ஓட, நடுவில் ஒருவர் மட்டும் அசையாமல் நிற்கும் படம் வேண்டுமானால் நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/15. முழங்கையைச் சுவரில் ஊன்றி எட்டுப் படமாவது எடுங்கள். நிற்பவரும் லேசாக ஆடுவார், ஒன்றிரண்டுதான் தேறும்.

முடிந்ததும் கடைப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு படத்தைப் பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுக்கும்போது தேட வேண்டியிருக்காது. 4×6 அளவு போதும். திரையில் சரியாகத் தெரிவது தாளில் இருண்டு வரும், அதனால் அச்சுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் ஏற்றி அனுப்புங்கள். அது தாளுக்கான ஈடு மட்டுமே, தோல் நிறத்தை மாற்றாதீர்கள். கொடுக்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.