இதய அறுவைச் சிகிச்சையின்போது முதியவரின் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு பைபாஸ் செய்ய நாள் குறித்துவிட்டால், வீட்டாரின் கவனம் முழுவதும் இதயத்தின் மேலேயே குவிந்துவிடுகிறது. எத்தனை அடைப்பு, ஸ்டென்ட் போதாதா, செலவு எவ்வளவு என்றெல்லாம் கேட்பவர்கள் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பது அரிது. ஆனால் இதய அறுவைக்குப் பின் நூறு பேரில் ஏறத்தாழ இருபது முதல் முப்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு அது சில நாள்களில் சரியாகிவிடும். ஒரு சிறு பங்கினருக்கு டயாலிசிஸ் வரை போகும். அந்த ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதோடு, அதற்கான சோதனைகளில் சிலவற்றை வீட்டுக் கூடத்திலேயே செய்துவிடலாம்.

முதலில் காரணத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இதயத்தை நிறுத்திவைத்து அறுவை செய்யும் நேரத்தில் இரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரம் சுற்றவிடுகிறது. அப்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் அழுத்தமும் குறையக்கூடும். சிவப்பணுக்கள் சில உடைந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்கும். உடல் முழுவதும் அழற்சி கிளம்பும். சில நாள்களுக்கு முன் ஆஞ்சியோகிராமுக்காகச் செலுத்திய சாயமும் ஒரு சுமைதான். இத்தனையையும் தாங்கிக்கொள்ளும் கையிருப்பு நலிந்த உடலில் குறைவு.

நலிவை அளக்க எளிய வழி நடைதான். தரையில் ஐந்து மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொண்டு, முதியவரை வழக்கமான வேகத்தில் மூன்று முறை நடக்கச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஆறு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் அது மெதுவான நடை. அறுவைக்குப் பின் சிக்கல்கள் கூடுதலாக வரக்கூடியவர் என்பதற்கு அதை மருத்துவர்கள் ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள். அடுத்து, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசையின் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். நெஞ்சுவலி அடிக்கடி வருபவருக்கும், இடது முதன்மைத் தமனியில் அடைப்போ பெருந்தமனி வால்வில் கடுமையான சுருக்கமோ உள்ளவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்துபார்க்கக் கூடாது. கடந்த ஓராண்டில் முயலாமலேயே நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, எதைச் செய்தாலும் களைப்பு வருகிறதா, கைப்பிடி தளர்ந்துவிட்டதா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இஞ்சுடேப்பை எடுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்று கொள்வது வழக்கம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைவு என்று ஐயப்படலாம். காலில் நீர் கோத்திருந்தால் இந்த அளவு ஏமாற்றும். வயிறு பருத்து, கைகால் மெலிந்த உடல்வாகு நம்மிடையே சாதாரணம். அப்படிப்பட்டவரைப் பார்த்து ‘உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று உறவினர் சொல்வதும், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்கு அதற்கு ஒத்தூதுவதும் வாடிக்கை. தசைக் குறைவும் கொழுப்பு மிகுதியும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதை எடை எந்திரம் காட்டாது.

சிறுநீரகப் பரிசோதனை ஏமாற்றுவதும் இவர்களிடத்தில்தான். அதில் அளக்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் கூடும். தசை குறைந்தவரின் உடலில் அது குறைவாகவே உற்பத்தியாவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அறிக்கையில் ‘நார்மல்’ என்றே வரும். 30 வயது, 75 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கும், 70 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கும் கிரியாட்டினின் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 0.9 என்றே வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது, எடை, பால் மூன்றையும் சேர்க்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால், அந்த இளைஞருக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 127 மில்லிலிட்டர். அந்த அம்மாவுக்கு ஏறத்தாழ 41 தான். இதே அம்மாவுக்கு வயிற்றுக் கொழுப்பால் எடை 68 கிலோ என்றிருந்தால், சூத்திரம் 62 என்று காட்டும். கொழுப்பு கிரியாட்டினினை உண்டாக்குவதில்லை. ஆனாலும் கணக்கில் அது தசையைப் போலவே எண்ணப்பட்டு, சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகத் தோற்றம் தருகிறது. ஆகவே மேற்சொன்ன சோதனைகளில் உங்கள் வீட்டு முதியவர் பின்தங்கினால், ‘சிஸ்டாட்டின் சி பார்க்கலாமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் ஓர் இரத்தப் புரதம் அது. அதன் அளவு தசையைப் பெரிதும் சார்ந்ததன்று; எனினும் உடல் பருமன், ஸ்டீராய்டு மருந்து, தைராய்டு கோளாறு ஆகியவை அதையும் மாற்றக்கூடும் என்பதால் கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

அறுவை அவசரமாக இல்லாவிட்டால், கிடைக்கும் இரண்டு மூன்று வாரங்களை வீணாக்காதீர்கள். வயிற்றைக் குறைக்கிறேன் என்று இந்த நேரத்தில் பட்டினி கிடப்பது தவறு. கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் சேர்ந்தே கரையும். ஏற்கெனவே சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. 55 கிலோ உள்ளவருக்கு அது 55 முதல் 66 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், காலையில் இரண்டு இட்லியும் மதியம் ரசஞ்சோறும் எவ்வளவு பின்தங்குகின்றன என்பது புரியும். பருப்பு, தயிர், பால், மீன், சுண்டல் எல்லாவற்றையும் வேளைதோறும் பிரித்துக் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்த அளவு நடையும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியும் போதும். அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடும்வரை கையை ஊன்றி எழக் கூடாது என்பார்கள். கால் பலமில்லாதவர் அப்போது படுக்கையிலேயே கிடந்துவிடுவார்.

மருந்துச் சீட்டு முழுவதையும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், மெட்ஃபார்மின் போன்றவற்றை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் தரும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மூட்டுவலிக்காகக் கடையில் தாமே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை சிறுநீரகத்துக்கு நேரான பகை. இரத்தசோகை இருந்தால் அறுவைக்கு முன்பே அதற்கு வைத்தியம் உண்டா என்றும், ஆஞ்சியோகிராமுக்குப் பின் கிரியாட்டினினை மறுபடி பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் குறித்துவைக்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று கிரியாட்டினின். 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ அது சிறுநீரகப் பாதிப்பு. 0.7 ஆக இருந்தது 1.1 ஆனால் அறிக்கை அப்போதும் ‘நார்மல்’ எல்லைக்குள்ளேயே இருக்கும். பழைய எண்ணைத் தெரிந்தவருக்கே அது ஏற்றம் என்று புரியும். மற்றொன்று சிறுநீர். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாக ஆறு மணி நேரம் தொடர்ந்து வந்தால் அதுவும் எச்சரிக்கையே. கிரியாட்டினின் ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சிறுநீர் அதற்கு முன்பே குறைந்து காட்டிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். உடல்வாகை அளக்க உதவாத எடை எந்திரம் இப்போது பயன்படும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது உடலில் தேங்கிய நீர், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சிறுநீரகம் அடிபட்டவருக்கு அன்பு மிகுதியால் இளநீர் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பும் அப்படியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில வாரங்கள் கழித்து வரும் அறிக்கையில் கிரியாட்டினின் அறுவைக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தால், மகிழ்வதற்கு முன் அவருடைய தொடையையும் கெண்டைக்காலையும் பாருங்கள். படுக்கையில் தசை கரைந்ததாலும் அந்த எண் இறங்கும். சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டவர் மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினினோடு சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தையும், முடிந்தால் சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துப் பார்த்து, அறுவைக்கு முந்தைய அறிக்கையோடு சிறுநீரக மருத்துவரைச் சந்திக்க வேண்டும்.