பச்சை உடம்புக்காரியிடம் இன்னொரு ஆப்பை நீட்டும் முன்

அமெரிக்காவில் 2023-ல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு வெள்ளையினத் தாய்மாரில் 14.5 பேர் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேர். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு இது. மாநிலக் குழுக்கள் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக அலசியதில், ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. இதைப் படித்ததும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது. ஹேக்கத்தான் நடத்துகிறார்கள், ஆப் செய்கிறார்கள், நிதி திரட்டுகிறார்கள். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

முதல் தவறு, தாய்க்கு விவரம் போதவில்லை என்று எடுத்துக்கொள்வது. ‘உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சம்பழ அளவு’ என்று வாராவாரம் சொல்லும் ஆப்கள் இந்த நினைப்பில் பிறந்தவைதான். ஷலோன் இர்விங் என்ற கறுப்பினப் பெண் சிடிசியிலேயே ஆய்வாளராக இருந்தவர். அவரைவிட விவரம் தெரிந்தவர் யார்? குழந்தை பிறந்தபின் உடம்பு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போனார். மூன்றே வாரத்தில், 2017 ஜனவரியில், உயர் ரத்த அழுத்தம் அவரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் பிரசவத்துக்கு மறுநாள் மூச்சுத் திணறியபோது, தனக்கு ரத்தக் கட்டி வந்திருக்கும், சிடி ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுங்கள் என்று தானே சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன.

படிப்பும் காசும் காப்பாற்றவில்லை. 2007 முதல் 2016 வரையிலான மரணங்களைப் பார்த்த சிடிசி ஆய்வில், கல்லூரி முடித்த கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் அதே படிப்புள்ள வெள்ளையினப் பெண்களைப்போல 5.2 மடங்கு. தாய் சொல்கிறாள், கேட்கிற பக்கம்தான் பழுது. பழுதுபார்ப்பதும் அங்கேதானே இருக்க வேண்டும்?

இரண்டாவது, பிரசவத்தோடு கடையைக் கட்டுவது. நம் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று பத்தியம் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆபத்து நிஜமாகவே அந்த நாட்களில்தான் இருக்கிறது: 2017-19 காலத்தில் பேறு சார்ந்த மரணங்களில் பாதிக்கு மேல், பிரசவமாகி ஒரு வாரம் கழிந்தபின் ஓராண்டுக்குள் நடந்தவை. ஆனால் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு, கர்ப்பத்தை வைத்துச் சேர்ந்தவர்களுக்கு 60 நாளோடு நின்றுவிடும். 2022 ஏப்ரலிலிருந்துதான் மாநிலங்கள் விரும்பினால் அதை எளிதாக ஓராண்டாக நீட்டிக்கலாம் என்று ஆனது. பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்தும்விட்டன.

இதைச் சரியாகப் பிடித்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ட் சேஃப் மதர்ஹுட்’. பிலடெல்பியாவில் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்களுக்கு, வீடு திரும்பும்போதே ஒரு பிபி மெஷினைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு தினமும் இரண்டு முறை எஸ்எம்எஸ் வரும். அளந்த எண்ணைப் பதிலாக அனுப்பினால் போதும். டவுன்லோடு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. எண் 160/110-ஐத் தாண்டினால் மருத்துவருக்குத் தகவல் போகும். 206 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் பத்து நாளுக்குள் பிரஷர் எண் கிடைத்தது எஸ்எம்எஸ் குழுவில் 92 சதவீதம் பேருக்கு. நேரில் வரச் சொன்ன குழுவில் 44 சதவீதம்தான். நேரில் வரச் சொன்னபோது கறுப்பினப் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய இடைவெளி இருந்தது; எஸ்எம்எஸ்ஸில் அது ஏறக்குறைய மறைந்துபோனது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சம்பளத்தை இழந்து, இரண்டு பஸ் மாறி ஐந்து நிமிடப் பரிசோதனைக்கு யார் வருவார்கள்? அதுவரை ‘வராத நோயாளி’ என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள்.

இதைப் பார்த்து அப்படியே செய்யக் கிளம்புகிறவர்கள் சறுக்குவது சின்ன இடங்களில். கையில் சுற்றும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுப் பட்டையை மொத்தமாக வாங்கிவிடுவார்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவரிடம் 20 புள்ளி வரைகூடத் தப்பாகக் காட்டும். இல்லாத பிரஷருக்குப் பயந்து நாலு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் ஐந்தாம் முறை ஓட மாட்டாள். கைச்சுற்றளவை ஒரு டேப்பால் அளந்து கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். இதைவிடப் பெரிய சறுக்கல், ராத்திரி இரண்டு மணிக்கு வரும் எண்ணை யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமலே தொடங்குவது. ‘உங்கள் மருத்துவரை அணுகவும்’ என்று ஆப்பே பதில் அனுப்பினால், அணுகிப் பார்த்துச் சலித்தவளை மறுபடி வரிசையில் நிறுத்துவதாகத்தான் அர்த்தம்.

அப்புறம், மெஷினுக்கு நிறபேதம் தெரியாது என்ற நம்பிக்கை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறோமே, அந்தக் கருவி வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் குறைபாட்டைத் தவறவிடுகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. முதல் குழந்தை சிசேரியனானால் அடுத்தது சுகப்பிரசவமாக வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் கருவியில், கறுப்பினம் என்று குறித்தாலே வாய்ப்பு குறையும்படி வைத்திருந்தார்கள். 2021-ல்தான் அதை நீக்கினார்கள். பழைய தரவை ஊற்றி ஏஐ செய்கிறவர்கள் இந்த இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

‘சமூகத்தோடு சேர்ந்து’ என்பதும் பல இடங்களில் பேச்சளவில்தான். எல்லாம் முடிந்தபின் நாலு தாய்மாரைக் கூப்பிட்டு, நிறம் நீலமா ஊதாவா என்று கேட்பதோடு சரி. மாறாக, பத்திரிகையாளர் கிம்பர்லி சீல்ஸ் ஆலர்ஸ் தொடங்கிய ‘இர்த்’ ஆப்பில் தாய்மாரின் அனுபவம்தான் சரக்கே. எந்த ஆஸ்பத்திரியில், எந்த மருத்துவர் தங்களை எப்படி நடத்தினார் என்று கறுப்பினப் பெண்களும் மற்ற வெள்ளையரல்லாத பெண்களும் எழுதுகிறார்கள். அந்தத் தரவு ஆஸ்பத்திரிகளிடமே திருத்திக்கொள்ளச் சொல்லிப் போகிறது. பிரசவத்தில் துணை நிற்கும் டவுலாக்களிடமும் பலர் பேச்சளவில்தான்: இலவசமாக யோசனை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள்.

தரவு விஷயத்தில் நம்பச் சொல்லிக் கேட்கும் தகுதி யாருக்கும் தானாக வந்துவிடாது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, ஆய்வு என்ற பெயரில், கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த நாடு அது. மாதவிடாய் ஆப்பான ‘ஃப்ளோ’, பயனர்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குத் தந்ததாக வந்த புகாரில் 2021-ல் அரசு வணிக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்தும் அந்தரங்கச் சட்டமான ஹிப்பா, இத்தகைய ஆப்கள் பலவற்றைத் தொடுவதே இல்லை. தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதுதான் நல்ல பாதுகாப்பு.

கடைசியாகப் பணம். முன்னோட்டத் திட்டம் மானியம் தீர்ந்ததும் நின்றுவிடும். மெஷின் அலமாரிக்குப் போகும், நர்ஸ் வேறு வேலைக்குப் போவார். நாடாளுமன்ற உறுப்பினர்களான லாரன் அண்டர்வுட், அல்மா ஆடம்ஸ், அப்போது செனட்டராக இருந்த, சென்னைப் பெண்ணின் மகளான கமலா ஹாரிஸ் மூவரும் 2020-ல் கொண்டுவந்த, தாய்மார் நலனுக்கான ‘மாம்னிபஸ்’ மசோதாத் தொகுப்பில் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மசோதா இருந்தது. ஆனால் அந்தத் தொகுப்பிலிருந்து 2021 நவம்பரில் தனிச் சட்டமானது, ராணுவத்தில் பணியாற்றிய தாய்மாருக்கானது. எனவே டெல்லிக்குக் காவடி தூக்குவதுபோல வாஷிங்டனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கறுப்பினப் பெண்களின் பிரசவங்களில் பாதிக்கு மேல் செலவை ஏற்பது மெடிகெய்டு. உங்கள் மாநில மெடிகெய்டு வீட்டு பிபி மெஷினுக்கும், எண்ணைப் பார்க்கும் நர்ஸின் நேரத்துக்கும், டவுலாவுக்கும் எந்தத் தலைப்பில் பில் ஏற்கும் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். கலிஃபோர்னியா 2023-லிருந்து டவுலாவுக்குக் கொடுக்கிறது.