கோச்சைத் தூக்கச் சொல்லிக் கத்துவதற்கு முன்னால்

அக்டோபர் முடியும்போது உங்கள் அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் டீம் 3-5 (மூன்று வெற்றி, ஐந்து தோல்வி) என்று நிற்கிறது, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதமாக ஆளையே காணோம், வாட்ஸாப் குரூப்பில் எல்லாரும் கோச்சைத் தூக்கு என்கிறார்கள். தூக்கலாம். அதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கூட்டம். அறிவிக்கப்படும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது விற்ற, கொடுத்த டிக்கெட்டுகளின் கணக்கு. வாசலில் ஸ்கேன் ஆனது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1962 முதல் ஒவ்வொரு ஹோம் ஆட்டமும் ஹவுஸ்ஃபுல் என்று கணக்கு. ஆனால் 2021-ல் அந்தத் தொடர் அறுந்துவிடாமல் இருக்க, மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்க வேண்டியிருந்தது. உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், பொதுப் பதிவுச் சட்டப்படி ஸ்கேன் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கலாம். அவ்வளவு சிரமம் வேண்டாமா? இடைவேளை முடிந்து மூன்றாம் குவார்ட்டர் தொடங்கும்போது மாணவர் பகுதியைப் பாருங்கள். டெயில்கேட் (ஆட்டத்துக்கு முன் பார்க்கிங்கில் நடக்கும் சாப்பாட்டுக் கொண்டாட்டம்) முடித்து உள்ளே வந்து, பாதியில் திரும்பிப் போன கூட்டம் எவ்வளவு என்று அங்கே தெரிந்துவிடும்.

அடுத்தது எதிர்பார்ப்பு. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். நெப்ராஸ்கா 2003-ல் கோச் ஃபிராங்க் சோலிச்சை 9-3 என்ற நிலையில் நீக்கியது. 2014-ல் போ பெலினியும் அதே 9-3-ல்தான் போனார். அப்புறம் சொந்த ஊர்ப் பிள்ளை ஸ்காட் ஃபிராஸ்ட் வந்து 16-31 என்று முடித்தார். ஒன்பது வெற்றி போதாது என்றவர்கள் பிறகு ஆறு வெற்றிக்கு ஏங்கினார்கள். அவர்களின் கடைசி தேசிய சாம்பியன் பட்டம் 1997-ல் வந்தது; இன்று டீமுக்கு ரெக்ரூட் செய்யப்படும் 17 வயதுப் பள்ளிப் பையனுக்கு அது அப்பா சொல்லும் கதை. அதனால் சுவரில் தொங்கும் பழைய பட்டங்களை மறந்துவிட்டு, உங்கள் கான்ஃபரன்ஸில் (உங்கள் டீம் ஆடும் லீக்கில்) மற்றவர்கள் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து நல்ல பையன்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். நியாயமான எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் பிறக்கும்.

மூன்றாவது, எப்படித் தோற்கிறார்கள்? 2021-ல் ஃபிராஸ்டின் டீம் 3-9. ஒன்பது தோல்வியிலும் வித்தியாசம் ஒன்பது புள்ளியைத் தாண்டவில்லை. அதிர்ஷ்டம் இல்லை, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தது. அடுத்த சீசனின் முதல் ஆட்டம், டப்ளினில், நார்த்வெஸ்டர்னோடு. மூன்றாம் குவார்ட்டரில் 28-17 என்று முன்னிலை. அந்த நேரத்தில் ஒரு ஆன்சைடு கிக், அதாவது பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கலாம் என்று குட்டையாக உதைக்கும் சூதாட்டம். பந்து எதிரணியிடம் போனது, ஆட்டம் 31-28 என்று கைவிட்டுப் போனது. 11 புள்ளி முன்னால் இருக்கும்போது அதை யார் கேட்டார்கள்? இந்த மாதிரி முடிவு ஒருமுறை வந்தால் மன்னிக்கலாம், வருடா வருடம் வந்தால் அது கோச்சிங். டைம் அவுட் வீணாவது, ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்கும் குழு) சொதப்புவது, நாலாம் குவார்ட்டர் பெனால்டி, இவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று நான்கு ஆட்டத்தில் படம் தெளிவாகிவிடும்.

பணத்தையும் பாருங்கள், கோபத்தில் எல்லாரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபிராஸ்டை 2022 செப்டம்பரில் அனுப்ப சுமார் 1.5 கோடி டாலர் ஆனது. அக்டோபர் 1 வரை, அதாவது மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாதிதான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 7.6 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தில் பையவுட், அதாவது முன்கூட்டியே நீக்கினால் கோச்சுக்குத் தர வேண்டிய தொகை, எந்தத் தேதியில் குறைகிறது என்று தெரியாமல் கத்துவது வீண்.

பொறுமையா? முன்பு அதற்கு அர்த்தம் இருந்தது. வர்ஜீனியா டெக்கில் ஃபிராங்க் பீமர் முதல் ஆறு சீசனில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 டிரா. 1999 சீசனில் அதே ஆள் தேசிய இறுதி ஆட்டம் வரை போனார். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஆட்டக்காரர்கள் வேறு காலேஜுக்கு மாறும் வழி), என்ஐஎல் (தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து அவர்கள் பணம் சம்பாதிக்கும் உரிமை) எல்லாம் வந்த பிறகு அந்த உதாரணம் அவ்வளவாகச் செல்லாது. இந்தியானா 2023-ல் 3-9. கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருடமே 11 வெற்றி, தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப் சுற்றில் இடம். எல்லாருக்கும் இது நடக்காது, சரி. ஆனாலும் உங்கள் கோச்சின் இரண்டாம் வருட முடிவில் போர்ட்டலில் வெளியே போகிறவர்கள் பெஞ்சில் இருந்தவர்களா, ஸ்டார்ட்டர்களா (முதலில் களமிறங்கும் முக்கிய ஆட்டக்காரர்களா) என்று பாருங்கள். ஸ்டார்ட்டர்களே கிளம்பினால், ஆட்டக்காரர்கள் உங்களுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றம் வேண்டும் என்று தோன்றினால், 19 வயது குவார்ட்டர்பேக்கைப் பார்த்து ஊளையிடாதீர்கள். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் கடிதம் வரும்போது வேண்டாம் என்று சொல்லி, காரணத்தை இரண்டு வரியில் அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதுங்கள். காரணம் சொல்லாமல் சும்மா வராமல் இருந்துவிட்டால், உங்கள் கோபம் கோச் மேலா, பார்க்கிங் கட்டணத்தின் மேலா என்று அவர்களுக்குத் தெரியாது.