பழைய மசில் காரை ஓட்டிக்கொண்டே சீரமைப்பது எப்படி?

பழைய அமெரிக்க மசில் காரை (சாதாரணக் காரின் உடம்பில் பெரிய எஞ்சினை வைத்த வேகமான காரை) ஆசையோடு வாங்குகிறவர்களில் பலர், வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுகிறார்கள். பாடி ஒரு பட்டறைக்கும் எஞ்சின் இன்னொரு பட்டறைக்கும் போய்விடுகின்றன. பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகு, பாதிப் பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் கிடக்க, அரைகுறையாக விற்பனைக்கு வருகிற வண்டிகள் அமெரிக்காவில் ஏராளம். முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவருக்கு ஏற்ற வழி வேறு. ஓடுகிற நிலையில் உள்ள, அல்லது சிறிய வேலையில் ஓடிவிடக்கூடிய வண்டியை வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து, அது முடிந்து வண்டி மீண்டும் சாலைக்கு வந்த பிறகே அடுத்த பகுதியில் கை வைக்க வேண்டும். இப்படிச் சீரமைத்த காருக்குக் கண்காட்சிப் பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் ஓட்டுவதற்கு எப்போதும் ஒரு கார் இருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1964ஆம் ஆண்டில் பொன்டியாக் நிறுவனம் ஜிடிஓவைக் கொண்டுவந்தபோது அது தனி மாடலாக வரவில்லை. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்த வரம்பைத் தாண்டுவதற்காக, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரை வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு தொகுப்பாக, 389 கன அங்குல (ஏறக்குறைய 6.4 லிட்டர்) வி8 எஞ்சினை 325 குதிரைத்திறனில் விற்றார்கள். சாதாரணக் காரின் உடம்பில் பெரிய காரின் எஞ்சினை வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் ஷெவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ், பிளிமத் ரோட் ரன்னர் போன்றவை பின்தொடர்ந்தன. அதன் விளைவை இன்று வாங்குகிறவர் அனுபவிக்கிறார்: சாதாரண லெமான்ஸுக்குச் சின்னங்களை ஒட்டி எஞ்சினை மாற்றினால் அது பார்வைக்கு ஜிடிஓ ஆகிவிடும்.

ஆகவே எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1966 முதல் 1971 வரை வந்த உண்மையான ஜிடிஓவின், தொழிற்சாலையில் இட்ட வண்டி எண் (விஐஎன்) 242 என்று தொடங்கும். 1964, 1965 வண்டிகளில் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஷெவெல் எஸ்எஸ் 396 வண்டிகளில் 1966 முதல் 1968 வரை 138 என்ற தொடக்கம் உண்டு. 1969இல் எஸ்எஸ் மறுபடியும் தேர்வுத் தொகுப்பாகிவிட்டதால் அந்த அடையாளம் போய்விட்டது. பொன்டியாக் வண்டிக்கு, தொழிற்சாலைப் பதிவுகளின் நகலைத் தருகிற பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் இருக்கிறது. 1967 முதல் வந்த ஃபோர்டு வண்டிக்கு, அதேபோன்ற தொழிற்சாலை விவரங்களைத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும். ஷெவெலுக்கு அவ்வளவு எளிதான வழி இல்லை. ஆனால் தொழிற்சாலையில் ஒட்டப்பட்ட தயாரிப்புத் தாள் சில வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் மேற்பக்கத்திலேயே இன்னும் இருக்கும். டேங்கை இறக்கியதும் தண்ணீர் அடித்துக் கழுவிவிடாமல், முதலில் அதன் முதுகைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், ஓட்டுவதற்காகவே வாங்குகிறவருக்கு, நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி நியாயமான விலைக்கு விற்கப்படும் வண்டியே மேல் என்பது என் கருத்து. அதில் நல்ல பிரேக்கைப் பொருத்துவதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. பாகங்கள் கிடைப்பதை முதன்மையாகக் கருதினால் ஃபோர்டின் 1965, 1966 முஸ்டாங்கை விட்டால் வேறு இல்லை. அந்த இரண்டு மாடல் ஆண்டுகளில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரானதால், ஏறக்குறைய ஒவ்வொரு தகடும் இன்று புதிதாகவே கிடைக்கிறது. முஸ்டாங்கை மசில் கார் என்று ஒப்புக்கொள்ளாத தூய்மைவாதிகள் உண்டு. கதவுக் கீல் தேடி அலைகிறவருக்கு அந்த விவாதம் உதவாது.

எஞ்சின் கெட்டிருந்தால் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் வாழ்ந்த வண்டியைவிட, அரிசோனா வெயிலில் டேஷ்போர்டு வெடித்து, சீட் கிழிந்து நிற்கிற வண்டி எவ்வளவோ நல்லது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பின்சக்கர வளைவின் ஓரத்திலும் கதவின் அடிவிளிம்பிலும் மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. முஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத் தட்டியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டினால், உள்ளறை துருப்பிடித்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய முன்பக்கத் தகடுகளையெல்லாம் இறக்க வேண்டிவரும். முஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது என்பதால், தரைத்தகடு அரித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே அரித்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். வினைல் கூரை ஒட்டிய ஷெவெலில் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளையும், டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடத்தையும் பாருங்கள்.

பல ஆண்டுகள் நின்ற எஞ்சினை எழுப்புதல்

நின்றுபோன வண்டியைக் கண்டதும் புது பேட்டரியைக் கட்டிச் சாவியைத் திருப்புவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. முதலில் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை போல்ட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் தடை தெரிந்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்தி, தடைக்குக் காரணம் தேட வேண்டும். ஏர் கிளீனரிலும் சைலென்சர் குழாயிலும் எலி கூடு கட்டியிருப்பது அன்றாடக் காட்சி.

எஞ்சின் தங்குதடையின்றிச் சுற்றினால், பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பெட்ரோலைப் பற்றி யோசிக்க வேண்டும். டேங்கில் இருப்பது வார்னிஷ் நாற்றம் அடிக்கும் கசடு. அதை ஒருபோதும் கார்புரேட்டருக்கு அனுப்பக் கூடாது. சோதனைக்கு வெளியில் ஒரு சிறிய கேனிலிருந்து புதுப் பெட்ரோலைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் உள்ளிருந்து கரைந்து உதிரும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பர் துண்டுகளையும் எத்தனாலைத் தாங்கும் புதியவையாக மாற்றிவிடுவது, தீயணைப்பான் வாங்குவதைவிட முந்திச் செய்ய வேண்டிய வேலை. தீயணைப்பானும் வாங்க வேண்டும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், அடி தட்டையான டேப்பட்டின்மேல் நேரடியாக உராய்ந்து ஓடுகிறது. அந்த உராய்விலிருந்து காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். நவீன கார்களின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பொருளின் அளவைப் பெட்ரோல் கார் ஆயில்களில் படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். எனவே பழைய கார்களுக்கென்று துத்தநாகம் கூட்டித் தயாரிக்கும் ஆயிலைத் தேடி ஊற்ற வேண்டும். புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், எஞ்சின் உயிர்பெற்ற கணத்திலிருந்து ஏறத்தாழ 20 நிமிடம் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் ஓட்ட வேண்டும். குறைந்த வேகத்தில் டேப்பட்டுக்குத் தேவையான ஆயில் தெறிப்பு கிடைக்காது. ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் வால்வு சீட் தேய்ந்துவிடும் என்ற கவலையை மட்டும் தள்ளி வைக்கலாம். அடக்கமாக ஓட்டுகிற வண்டிக்கு, சிலிண்டர் ஹெட்டை வேறு வேலைக்காக இறக்கும் நாளில் கடினப்படுத்திய சீட்டுகளைப் போட்டுக்கொண்டால் போதும்.

பிரேக்: எல்லாவற்றுக்கும் முன்னால்

எஞ்சின் ஓடுகிறது என்று தெரிந்தவுடன் அதை நிறுத்திவிட்டு பிரேக்குக்கு வர வேண்டும். 325 குதிரைத்திறன் உள்ள காரை நான்கு டிரம் பிரேக்குகளை நம்பி விற்ற காலம் அது. போதாக்குறைக்கு, 1966 வரையிலான பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் ஒரே நேரத்தில் பிரேக் போய்விடும். 1967 மாடலிலிருந்து முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை வந்தது. 1966 அல்லது அதற்கு முந்தைய வண்டியை ஓட்டப் போகிறவர் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிட வேண்டும். அசல் தன்மை குறைகிறதே என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

வேலையை டிரம்மைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். உள்ளே படிந்திருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதாமல், தண்ணீர் அல்லது பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாக நெம்பினால் ஈரம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். கசிந்தால் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் ஹோஸ்கள் முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று இருக்கும். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் அவற்றை நம்பக் கூடாது. உட்சுவர் வீங்கிய ஹோஸ், மிதிக்கும்போது திரவத்தைப் போக விடும், காலை எடுத்ததும் திரும்ப விடாது. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும், சிறிது தூரம் ஓடியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பதும் பலமுறை இதனால்தான். மெக்கானிக்குகள் கூட முதலில் வீல் பேரிங்கைச் சந்தேகிப்பார்கள். இரும்புக் குழாய்களையும் மாற்றிய பின், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வலது பின்சக்கரத்தில் தொடங்கி, இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் காற்றை வெளியேற்ற வேண்டும்.

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்துவது நல்ல முதலீடு. ஆனால் டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவைத்தால், அதன் உள்ளே எஞ்சிய அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு டிஸ்க்கை எப்போதும் உராய்ந்துகொண்டே இருக்கச் செய்யும். மாஸ்டர் சிலிண்டரையும், முன்-பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டயரின் தடம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், பக்கவாட்டில் உள்ள தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். ரேடியல் டயருக்கு மாறும்போது, பழைய கையேட்டில் உள்ள அலைன்மென்ட் அளவுகள் அந்தக் காலத்து டயருக்கானவை என்பதை அலைன்மென்ட் கடைக்காரரிடம் சொல்லி, காஸ்டர் கோணத்தை (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வை) நேர்முகமாக 2 அல்லது 3 டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் நேராகப் போகும்.

சூடும் மின்சாரமும்

வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது, அது தீர்வல்ல. யாரோ ஒருவர் எப்போதோ கழற்றி எறிந்த ஃபேன் உறை இல்லாமல், ஃபேன் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுப்பதுதான் பல வண்டிகளில் உண்மையான காரணம். டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் மின்சாரத்தில் தனிக் கவனம் தேவை. பேட்டரிக்குப் போகும் சார்ஜ் மின்சாரம் முழுவதும், எஞ்சின் அறைத் தடுப்பில் உள்ள இணைப்பியைத் தாண்டி டேஷ்போர்டு அம்மீட்டர் வழியாகச் சுற்றிவருகிறது. அந்த இணைப்பியைப் பிடுங்கிப் பார்த்து, பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருந்தால் உடனே சரிசெய்யுங்கள்.

சாலையில்

குளிர்ந்த எஞ்சினுக்கு, ஆக்சிலரேட்டரை ஒரு முறை தரைவரை மிதித்து விட்டால் தானியங்கிச் சோக் பொருந்திக்கொள்ளும். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பலாம். வெயிலில் ஓடிவந்து சற்று நேரம் நிறுத்திய பிறகு முரண்டு பிடித்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கும். அப்போது பம்ப் அடிக்காமல், ஆக்சிலரேட்டரைப் பாதியளவில் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கம்பிரஷன் அதிகமுள்ள எஞ்சினுக்குப் பங்கில் கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேனைப் போட்ட பிறகும் ஏற்றத்தில் கடகடவென்று தட்டும் ஓசை கேட்டால், டைமிங்கைச் சிறிது பின்தள்ளுங்கள்.

ஓவர்டிரைவ் இல்லாத நான்கு கியர் வண்டியில் 4.10 ஆக்சில் விகிதம் இருந்தால், மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,400 சுற்றுகள் சுற்றும். சிக்னலில் பாய்வதற்காக அமைக்கப்பட்ட விகிதம் அது. தொலைதூரம் போக நினைக்கிறவர் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மழையில் இரண்டாவது கியரில் கூடப் பின்சக்கரம் வழுக்கும். முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை, நவீன காரில் விடுவதைப்போல் இருமடங்காக்குங்கள். ஒரு செட் இக்னிஷன் பாயிண்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றை டிக்கியில் வைத்திருந்தால், சாலையோரத்தில் நிற்க நேரும் பெரும்பாலான சந்தர்ப்பங்களை நீங்களே சமாளித்துவிடலாம். காப்பீடு எடுக்கும்போது, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். சாதாரணக் காப்பீடு இதை ஐம்பது வருடப் பழைய இரும்பாகவே கணக்கிடும்.

இதில் தேறிவிட்டால், ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் புறநகர்ப் பகுதியில் நடக்கும் வுட்வார்ட் டிரீம் குரூஸ் அருமையான தேர்வுக்களம். 1995 முதல் நடக்கும் இந்த ஊர்வலத்தில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டியிருப்பதால், குளிரூட்டும் அமைப்பில் எஞ்சிய குறை எதுவானாலும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

பெயின்ட்டைக் கடைசிக்கு வையுங்கள். ஓரிரு ஆண்டுகள் ஓட்டினால்தான் எந்தக் கதவு அதிர்கிறது, எந்த மூலையில் தண்ணீர் கசிகிறது, எங்கே வெல்டிங் பாக்கி என்பதெல்லாம் தெரியவரும். புதுப் பெயின்ட்டுக்கு மேல் அவற்றைச் செய்ய மனம் வராது. கழற்றிய அசல் பாகங்களை எறிந்துவிடாமல் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த உரிமையாளர் அவற்றுக்கும் விலை கொடுப்பார். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை சென்று சேரும்படி சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். உப்புப் போடும் மாநிலத்தில் இருப்பவர், பனி உருகியதும் வண்டியை வெளியே எடுக்காமல், வசந்தகால மழை இரண்டு மூன்று முறை பெய்து சாலையைக் கழுவும் வரை பொறுத்திருக்க வேண்டும்.